வேன்காரம்மாவின் வயிற்றெரிச்சல்

குடிக்காமல் இருந்ததற்காக ஒரு மனிதனுக்குக் கைதட்டுவார்கள் என்பது வேன்காரம்மாவுக்கு அந்தச் சாயங்காலம்தான் தெரிந்தது. சிகிச்சை மையத்துக்கு எதிரே வேனை நிறுத்திவிட்டுப் புருஷனுக்காகக் காத்திருந்தாள். மாடி ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே யாரோ ஏதோ சொன்னார்கள். உடனே படபடவென்று கைதட்டல், சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் அவன் படியிறங்கி வந்தான். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளைபோல முகத்தில் ஒரு களை.

“மேல என்ன ஒரே கொண்டாட்டம்?”

“ஒண்ணுமில்ல. ஒரு மாசம் தொடாம இருந்துட்டேன்ல, அதுக்குத் தட்டினாங்க.”

அவள் சாவியைத் திருப்பினாள். “நான் பொறந்ததுலேருந்து தொட்டதில்ல. எனக்கு எவனாவது தட்டினானா?”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். சொந்த வேன். காலையில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, மத்தியானம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவாள். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பின் சீட்டில் யார் யாரைக் கிள்ளுகிறார்கள் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். பிள்ளைகள் வேன் ஆன்ட்டி என்பார்கள், பெரியவர்கள் வேன்காரம்மா என்பார்கள். வீட்டில் அவன்கூட மற்றவர்களிடம் பேசும்போது ‘எங்க வேன்காரம்மா’ என்றுதான் சொல்வான்.

அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கைச்சுத்தமான வேலைக்காரன், அதிர்ந்து பேசாதவன். குடித்தாலும் சத்தம் போடமாட்டான், சுருண்டு படுத்துக்கொள்வான். அதனாலேயே அவள் பட்ட பாட்டை யாரும் நம்பவில்லை. “தங்கமான மனுஷன், உனக்கென்ன குறைச்சல்” என்பார்கள். அந்தத் தங்கத்தை உருக்கிப் பார்க்க அவள் கையாளாத வழியில்லை. கெஞ்சினாள். அழுதாள். மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள். மாதக்கணக்கில் பேசாமல் இருந்தாள். அலமாரிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, ஷூவுக்குள்ளே என்று அவன் ஒளித்துவைத்த பாட்டில்களைத் தேடித்தேடிக் கொட்டினாள். காலையில் எழுந்திருக்க முடியாதபோது அவனுடைய மேலாளருக்கு அவளே போன் செய்து, “அவருக்குக் காய்ச்சல் சார்” என்பாள். அந்த மனுஷனுக்கு வந்த காய்ச்சல்களை எல்லாம் சேர்த்தால் தனியாக ஓர் ஆஸ்பத்திரியே நடத்தலாம்.

அப்புறம் அந்த மழை நாள். கூட வேலை பார்த்தவருக்கு விருந்து என்று போனவன், திரும்பும்போது வீட்டுக் காரை நடைபாதையில் ஏற்றிப் பஸ் நிறுத்தத்தில் மோதினான். நிழற்குடையின் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு தையல்காரரின் கால் முறிந்தது. அவர் உயிர் பிழைத்ததே பெரிய காரியம்.

நீதிபதி நிறையப் பேசவில்லை. ஓட்டுநர் உரிமம் ரத்து. சிறைத் தண்டனையை நிறுத்திவைக்க வேண்டுமானால் ஒரு வருஷம் போதை மீட்புச் சிகிச்சை. வாரத்தில் மூன்று சாயங்காலம் மையத்துக்குப் போக வேண்டும், எப்போது கூப்பிட்டாலும் ஊதிக்காட்ட வேண்டும், காரணமில்லாமல் ஒருநாள் வராவிட்டால் நேரே சிறை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்! அவன் போனான். உரிமம் இல்லாதவனை யார் கொண்டுபோய் விடுவது? வேன்காரம்மாதான்.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான். அது கைதட்டல் கேட்ட அன்று கெட்டது.

மையத்தின் ஆலோசகர் தொளதொளச் சட்டை போட்ட மனிதர். அவர் அப்படி என்னதான் சொல்லித்தருகிறார் என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

“அவர் ஒண்ணும் சொல்றதில்ல. ‘ம், அப்புறம்?’னு கேப்பார். நாங்கதான் பேசுவோம்” என்றான் அவன்.

அவளுக்கு ஆறவில்லை. தொண்டை கிழிய இத்தனை வருஷம் இவள் கத்தியது செவிடன் காதில் ஊதிய சங்கு. அந்த ஆள் ‘ம்’ என்றால் இவன் மடை திறந்தாற்போல் பேசுகிறானாம்!

அது போதாதென்று ஒரு தொலைபேசித் துணை வேறு. மையத்தில் ஒவ்வொருவருக்கும் கூடச் சிகிச்சைக்கு வருகிற ஒருவரைத் துணையாகப் போட்டிருந்தார்கள். குடிக்கவேண்டும் போலிருந்தால் அந்த ஆளைக் கூப்பிட வேண்டும். அவனுக்கு வாய்த்தது கேக் செய்து விற்கிற ஒரு பெண்மணி. அவளும் குடித்துவிட்டு வண்டியோட்டி மாட்டிக்கொண்டவள்தான். அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை. இவன் அங்கே ‘லிஃப்ட்’, அவள் ‘கேக்’. சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் திடீரென்று எழுந்து பால்கனிக்குப் போவான், கதவைச் சாத்திக்கொள்வான், கம்பியைப் பிடித்தபடி மெதுவாகப் பேசுவான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவனுடைய தோள்கள் தளர்வதை இவள் பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இவள் கைபட்டு அந்தத் தோள்கள் அப்படித் தளர்ந்ததாக ஞாபகம் இல்லை.

கள்ளத்தொடர்பு என்று அவள் ஒருகணமும் நினைக்கவில்லை. அப்படியிருந்தால்கூடத் தெருவில் இறங்கிச் சண்டை போடலாம். இது எந்தக் கணக்கிலும் சேராத பொறாமை. யாரிடம் போய்ச் சொல்வது? ‘என் புருஷன் குடியை விட்டுட்டான், எனக்கு வயிறு எரியுது’ என்றால் எந்த ஊரில் ஒத்துக்கொள்வார்கள்?

மகளும் அந்தப்பக்கம் சாய்ந்துவிட்டாள். முன்பெல்லாம் அப்பா வந்தால் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறவள், இப்போது கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்காருகிறாள். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாதான் வரவேண்டும் என்கிறாள்.

“அப்பா பாவம்மா. எவ்ளோ கஷ்டப்படறார் தெரியுமா?”

“கஷ்டப்பட்டது நான்டி.”

“உனக்குப் பழகிடுச்சும்மா” என்றாள் மகள், சாதாரணமாக. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளின் கை நின்றுவிட்டது.

மையத்தில் குடும்பத்தாரைக் கூப்பிடும் நாள் ஒன்று உண்டு. இரண்டு தடவை வேலை இருக்கிறது என்று தட்டிக்கழித்தவள், மூன்றாவது தடவை போனாள். வட்டமாகப் போட்ட நாற்காலிகள், மூலையில் தண்ணீர்க் குடுவை, டீயை விடச் சர்க்கரை அதிகமான டீ. கேக்காரம்மாவை அன்றுதான் பார்த்தாள். தன்னைவிட வயது கூடியவள், தூக்கம் போதாத கண்கள், முழங்கையில் அடுப்புச் சூடு பட்ட தழும்புகள். அழகியாக இருந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் முறை வந்தது. “லிஃப்ட் கதவு மூடறப்போல்லாம் அந்தக் கண்ணாடி உடைஞ்ச சத்தம் கேக்குது” என்றான். “லிஃப்டுக்கு அடியில குழிக்குள்ள இறங்கக் கால் வர மாட்டேங்குது. ஏதாவது சாக்குச் சொல்லிட்டு மேலேயே நிக்கறேன். இன்னும் எத்தனை நாள் சமாளிப்பேன்னு தெரியல.”

கேக்காரம்மா எழுந்து தண்ணீர் ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். மற்றவர்கள் தெரிந்த கதையைக் கேட்கிற முகத்தோடு தலையாட்டினார்கள். அந்த அறையில் அதை முதல்முதலாகக் கேட்டவள் அவன் பெண்டாட்டி ஒருத்திதான். சந்தோஷத்தை ஊராருக்குக் கொடுத்திருந்தால்கூட விட்டிருப்பாள். பயத்தைக் கொடுத்துவிட்டானே! அது அவளுக்குச் சேர வேண்டியதல்லவா?

அவன் நிறுத்தவில்லை. “வீட்டுல இவ பாட்டிலக் கொட்டுவா, நான் வேற வாங்குவேன். இவ காய்ச்சல்னு போன் பண்ணுவா, நான் இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவேன். நான் விழ விழ இவ தாங்கிட்டே இருந்தா. விழறேன்னே எனக்குத் தெரியல.”

ஆலோசகர், “ம்” என்றார்.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது அவள் வெடித்தாள். “அப்போ நான்தான் உங்களைக் கெடுத்தேன்?”

“நான் அப்படிச் சொல்லல.”

“குழிக்குள்ள இறங்கப் பயமா இருக்குன்னு என்கிட்ட ஏன் சொல்லல?”

“உன்கிட்ட சொன்னா அன்னிக்கே லீவு போடச் சொல்வ. ஆபீசுக்கு நீயே போன் பண்ணிடுவ. அவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க. கேட்டுக்குவாங்க, அவ்ளோதான்.”

சிக்னல் விழுந்தது, அவள் வண்டியை எடுத்தாள். அவன் மேலாளரிடம் நாளைக்கு என்ன சொல்லலாம் என்று அந்த நேரத்திலேயே மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த வாரம் அவள் செய்ததுதான் இந்தக் கதையில் சொல்லக் கூசுகிற இடம். மையத்துக்குப் போகும் நேர்வழியில் சாராயக் கடைகள் வரிசையாக இருக்கும். முதல் நாளிலிருந்தே அவள் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் போவாள். அன்று சுற்றவில்லை. வண்டியை அந்தத் தெருவில் திருப்பினாள். திருப்பியதோடு நில்லாமல் வேகத்தையும் குறைத்தாள். கடைகளின் விளக்குகள் வேனுக்குள் வந்து விழுந்தன. ஒரே ஒரு தடவை இவன் விழுந்தால் என்ன? கைதட்டுகிறவர்கள் அப்போது பார்க்கட்டுமே. அப்போது யார் தாங்குகிறார்கள் என்று தெரியும். வேறு யாரிடம் வருவான்? என்னிடம்தானே!

“இன்னிக்கு என்ன இந்த வழி?” அவன் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

“அந்தப் பக்கம் தோண்டிப் போட்டிருக்காங்க.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தெரு முடிகிற வரைக்கும் திறக்கவில்லை. மையத்து வாசலில் இறங்கியவன் உள்ளே போகாமல் சுவரோரம் நின்று போனை எடுத்தான். யாரைக் கூப்பிடுகிறான் என்று கேட்கவா வேண்டும்! ஸ்டியரிங்கின் மேலிருந்த தன் கைகளை அவள் பார்த்தாள். பிள்ளைகளை ஏற்றிப் போகிற கை. வீட்டுக்குப் போனதும் தலைவலி என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஒருநாள், காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு அவள் வீடு திரும்பியபோது மேஜைமேல் அவனுடைய போன் அடித்துக்கொண்டிருந்தது. மறந்துவிட்டுப் போயிருந்தான். திரையில் ‘கேக்’ என்றிருந்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டாள். மறுபடி அடித்தது. நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் எடுத்தாள்.

“லிஃப்ட்?”

“அவர் வேலைக்குப் போயிட்டார். நான் அவர் வீட்டுக்காரி.”

மறுமுனை கொஞ்சம் திணறியது. “சரிங்க. ஒண்ணுமில்ல. வெச்சுடறேன்.”

அந்த ‘ஒண்ணுமில்ல’ போதும். வார்த்தைகளின் ஓரம் மழுங்கியிருந்தால் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அவளால் சொல்ல முடியும். வேறு எதில் பட்டம் வாங்காவிட்டாலும் இதில் வாங்கியிருக்கிறாள். கேட்க நினைத்த நாலு வார்த்தையும் எங்கோ போய்விட்டது.

“எவ்ளோ குடிச்சிருக்கீங்க?”

“ரெண்டு கிளாஸ்.”

“வண்டி ஏதாவது இருக்கா அங்க?”

“தங்கச்சி கார் வாசல்ல நிக்குது. சாவி கையில இருக்கு.” அழுகை வந்தது. “என் பொண்ணு இன்னிக்கு ஸ்கூல் ஓட்டப்பந்தயத்துல ஓடறா. அவங்க அப்பாகூட இருக்கா. நான் வர்றேன்னு சொல்லியிருந்தேன். காலைலேருந்து கை நடுங்குது...”

“நான் வர்ற வரைக்கும் உக்காந்த எடத்த விட்டு எழுந்துக்காதீங்க. வீடு எங்கன்னு சொல்லுங்க.”

வேனை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. போகும்போதும் ஒரு மனசு முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது: ‘உனக்கெதுக்கு? உன் வீட்டுத் தீயை அணைக்கத் தெரிந்தவளாம், தன் அடுப்பைப் பார்த்துக்கத் தெரியல.’ கசப்பிலும் ஒரு ருசி இருந்தது. அந்த ருசியோடுதான் கதவைத் தட்டினாள்.

சமையலறையில் பாதி எழுதிய கேக் ஒன்று இருந்தது. ‘வாழ்த்துகள்’ என்பதில் கடைசி எழுத்துகள் சரிந்து ஓரத்தில் வழிந்திருந்தன. மேஜையில் பாட்டில், கிளாஸ், சாவி. கேக்காரம்மா மாவு படிந்த கைகளைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொன்னபடி எழுந்திருக்கவில்லை.

வேன்காரம்மாவின் கை பழக்கதோஷத்தில் பாட்டிலிடம்தான் போனது. தொட்டியும் பக்கத்தில்தான் இருந்தது. தொடப்போன கையை இழுத்துக்கொண்டாள். சாவியை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“இது எனக்கு. பாட்டில் உங்களுது.”

கேக்காரம்மா அவளைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். கேக்கின் மேலிருந்த க்ரீம் வெயிலில் இன்னும் கொஞ்சம் சரிந்தது. இப்போது கொட்டட்டும், இப்போது கொட்டட்டும் என்று வேன்காரம்மாவின் உள்ளங்கை அரித்தது. கடைசியில் அந்தப் பெண்மணி எழுந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு தொட்டிவரை போய்த் தானே கவிழ்த்தாள். குழாயைத் திறந்துவிட்டுத் தலையைத் தண்ணீருக்குக் கீழே நீட்டினாள்.

டீ போட்டுக் கொடுத்தது வேன்காரம்மா. “பொண்ண இன்னொரு நாள் போய்ப் பாக்கலாம். நானே கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கு வேணாம்.”

“லிஃப்ட் உங்களப் பத்திதான் பேசிட்டே இருப்பார்” என்றாள் கேக்காரம்மா, தலையைத் துவட்டியபடி. “எங்க வேன்காரம்மா ஒரு வளைவ எப்படித் திருப்புவாங்க தெரியுமான்னு ஆரம்பிச்சா முடிக்க மாட்டார். எங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு. சாவியப் புடுங்க ஆள் இருக்கிற மனுஷன், பேச மாட்டாரா பின்ன.”

அதைக் கேட்டதும் இவளுக்கு நெஞ்சு குளிரவில்லை. சங்கடமாகத்தான் இருந்தது. ஏன் சொன்னாள் என்று தெரியாது, அந்தச் சாராயக்கடைத் தெருவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். வண்டியைத் திருப்பியது, வேகத்தைக் குறைத்தது, அவன் விழவேண்டும் என்று நினைத்தது, எல்லாவற்றையும். கேக்காரம்மா திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

“ம். அப்புறம்?” என்றாள்.

அப்புறம் என்று மீதியையும் சொன்னாள். சொல்லி முடித்துக் கீழே வைத்த டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. வீட்டில் பக்கத்தில் படுப்பவனிடம் சொல்லாததை, அன்று காலைவரை கரித்துக்கொட்டிய ஒருத்தியிடம் சொல்லிவிட்டாள். தோள்கள் இரண்டும் லேசாகக் கிடந்தன.

அன்று சாயங்காலம் கேக்காரம்மா மையத்தில் எழுந்து நின்று தான் குடித்ததைச் சொன்னாளாம். கீழே வேனில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கைதட்டல் கேட்டது. குடிக்காததற்கும் தட்டுகிறார்கள், குடித்ததற்கும் தட்டுகிறார்கள், நல்ல ஊர் இது என்று அவள் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள்.

வண்டி ஏறியதும் அவன், “நீ போனியாமே” என்றான்.

“போனேன்.” ஒரு வளைவு தாண்டியது. “அன்னிக்கு அந்தப் பக்கம் யாரும் ஒண்ணும் தோண்டல.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“பயமா இருந்துச்சு” என்றான். “கடையப் பாத்து இல்ல. நீயே என்னைக் கைவிட்டுட்டியோன்னு.”

வாய்வரை வந்ததை அவள் விழுங்கினாள். வண்டியை ஓரங்கட்டவில்லை, சத்தியம் செய்யவில்லை, யாருக்கும் போன் செய்யவில்லை. அந்தப் பயத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடுவரை ஓட்டினாள். சும்மா இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அவளுக்குத் தெரியாமலே இத்தனை காலம் போயிருந்தது.

வருஷம் முடிந்தது. அவன் ஒருநாளும் தவறவில்லை. வழக்கு தீர்ந்து உரிமமும் திரும்பி வந்தது. குழிக்குள் இறங்கும் வேலையை விட்டு, பணிமனையில் மோட்டார் கட்டும் பிரிவுக்கு மாற்றிக்கொண்டான். மேலாளரிடம் அவனேதான் போய்க் கேட்டான். தையல்காரரைப் பார்க்க இரண்டு தடவை போனான். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாவது தடவை திறந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்று, “இனிமே வராதீங்க” என்றார். அதன் பிறகு அவன் போகவில்லை. மன்னிக்க வேண்டும் என்று அவருக்குக் கட்டாயமா என்ன?

உரிமம் பறிபோனவர்கள் மையத்துக்கு வரவே திண்டாடுகிறார்கள், பஸ் கிடைக்காமல் இரண்டு பேர் தவறவிட்டுச் சிறைக்கே போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், சாயங்காலம் சும்மா நிற்கிற வேனை எடுத்தாள் வேன்காரம்மா. இப்போது காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாலையில் இவர்கள். “ரெண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமில்ல, இவங்க கொஞ்சம் உயரம்” என்பாள். அவனும் கூடப் போவான், புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாக.

வயிற்றெரிச்சல் போய்விட்டதா என்றால் இல்லை. முதல் நாள் கேக்காரம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது, “அது எங்க வீட்டுக்காரர் சீட்டு, பின்னால போங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். கேக்காரம்மா சிரித்துக்கொண்டே பின்னால் போனாள். சிகிச்சையில் நடந்த ஏதோ ஒரு கூத்தைச் சொல்லி அவர்கள் பின்னால் விழுந்துவிழுந்து சிரிக்கும்போது, அவனும் திரும்பி உட்கார்ந்து அதில் சேர்ந்துகொள்ளும்போது, அவள் முகம் இன்றைக்கும் சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவதில்லை. சிக்னலில் வண்டியை நிறுத்திக் கண்ணாடி வழியாக முறைப்பாள்.

“என்ன ஜோக்கு? எனக்கும் சொல்லுங்க. சொல்லலேன்னா எல்லாரும் எறங்கி நடந்து போங்க.”

சொல்கிறார்கள். பாதிக்கு மேல் அவளுக்குச் சிரிப்பே வருவதில்லை.